கண்ணோட்டமும் கண்காணிப்பும்

பிரெஞ்சு நாவலாசிரியர் விக்டர் ஹ்யூகோ 1862ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநாவல், கவியோகி சுத்தானந்த பாரதியாரின் மொழியாக்கத்தால் 'ஏழை படும் பாடு' என்னும் பெயரில் தமிழுக்கு வந்தது. 1950இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. அப்படத்தில் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன் தம் வாழ்நாள் முழுவதும் 'ஜாவர்' சீதாராமன் என்றே அழைக்கப்பெற்றார். ஒரு பாத்திரத்தின் பெயர் நடிகரின் பெயருக்கு அடைமொழியாகிவிட்டது என்றால், அக்கதை தமிழர் நெஞ்சில் எத்துணை ஆழமாகப் பதிந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அந்நாவலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு நிகழ்ச்சிகளையே திரும்பத் திரும்ப எடுத்துரைக்கின்றனர். ஒன்று, பசித்த குழந்தைகளுக்காக ஜீன் வால்ஜீன் ரொட்டி திருடியது. மற்றொன்று, வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிச் சென்றவனுக்கு ஆயர் மிரியேல் வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியது. வகுப்பறைகளில் நாவல் இவ்விரண்டோடு முடிந்துவிடுகிறது. திருட்டுக்கும் மன்னிப்புக்கும் இடையில் ஒரு தாள் கிடக்கிறது. அதனைக் குனிந்து எடுத்துப் பார்ப்பவர் சிலரே. அது வால்ஜீனின் சட்டைப்பையில் உள்ள மஞ்சள் நிறக் கடவுத்தாள்.

ஐந்தாண்டுத் தண்டனை பெற்றவன், தப்பியோட முயன்ற குற்றங்களுக்காகப் பத்தொன்பது ஆண்டுகள் தூலோன் சிறையில் கழித்து, 1815இல் விடுதலை பெறுகிறான். சட்டம் கேட்ட கடனை முழுவதும் செலுத்திவிட்டான். ஆயினும் அவன் செல்லும் ஊர்தோறும் அந்த மஞ்சள் தாளைக் காட்டியாக வேண்டும். கிராஸ் என்னும் ஊரில் சுமை இறக்கும் வேலை கிடைக்கிறது. வழியே வந்த காவலர் தாளைக் கேட்டுப் பார்க்கிறார். மாலையில் அவனுக்குக் குறைந்த கூலி தரப்படுகிறது. ஏனென்று கேட்டால், உனக்கு இது போதும் என்பது விடை. அடுத்து வந்த தீஞ் நகரில் கையில் பணம் இருந்தும் விடுதிக்காரர் சோறிட மறுக்கிறார். இவை ஹ்யூகோவின் கற்பனை மட்டுமல்ல. நெப்போலியன் காலத்து 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், சிறை மீண்டோரைக் காவல்துறையின் கண்காணிப்பில் வைக்க வழிவகுத்திருந்தது. அம்முறை 1885இல்தான் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் ஹ்யூகோவும் மறைந்தார் என்பது தற்செயலே எனினும் நினைக்கத்தக்கது.

இத்தாளைப் பற்றி ஹ்யூகோ அடுத்துக் கூறுவது நாவலின் மிக நுட்பமான இடங்களுள் ஒன்று. வால்ஜீன் வேறு பெயருடன் மற்றொரு நகருக்குள் நுழையும் மாலையில் நகர மன்றக் கட்டடம் தீப்பற்றி எரிகிறது. அவன் தீக்குள் பாய்ந்து இரு குழந்தைகளை மீட்கிறான். அவை காவற்படைத் தலைவரின் குழந்தைகள். ஆதலின் அவனுடைய கடவுத்தாளைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால்? கருமணித் தொழிலைச் சீர்திருத்தி அந்நகரையே வாழவைத்த மதலேன் என்னும் மேயர் தோன்றியிருக்கமாட்டார். தாள் கேட்கப்படாத இடத்தில் மனிதன் தோன்றினான் என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பக்கம் பக்கமாகச் சொற்பொழிவு ஆற்றும் பழக்கமுடைய ஹ்யூகோ, இவ்விடத்தில் அடங்கிப் போனது வியப்பே.

ஆயின், வால்ஜீன் குற்றமற்றவன் என்று கொண்டு படிப்பது நாவலை எளிமையாக்கிவிடும். ஆயரிடம் மன்னிப்புப் பெற்ற பின்னரும் அவன் பெத்தி ஜெர்வே என்னும் ஏழைச் சிறுவனின் காசின்மேல் காலை வைத்து மறைத்துக்கொள்கிறான். ஊரார் அவனை ஐயுற்றது முற்றிலும் பொய்யில்லை. ஜாவரும் கொடியவர் அல்லர். கையூட்டு வாங்காதவர், பொய் சொல்லாதவர், தமக்கும் பிறர்க்கும் ஒரே அளவுகோலை வைத்தவர். ஊரைக் காப்பது அவர் கடமை. குற்றம் செய்தவன் மீண்டும் செய்யக்கூடும் என்னும் அச்சம் நியாயமானதே. இந்த நியாயத்தையும் சேர்த்து எடைபோட்டால்தான் வினா வினாவாக நிற்கும்: திருந்தும் மனிதனை அரசின் கண் எவ்வளவு தூரம் தொடரலாம்?

தமிழில் இதற்கு வழங்கும் சொல்லே பொருள் பொதிந்தது. சிறைக்கு அனுப்பாமல் ஒருவரை வெளியில் வைத்துத் திருத்தும் முறையை நன்னடத்தைக் கண்காணிப்பு என்கிறோம். கண்காணி என்னும் சொல் மலாயாத் தோட்டங்களில் கங்காணி ஆயிற்று. அச்சொல்லின் சுமையை இந்நாட்டுத் தமிழ் மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. வேலை தந்தவனும் அவனே, வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தவனும் அவனே.

திருக்குறளில் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் கண்ணோட்டம். அதனை அடுத்து ஐம்பத்தொன்பதாம் அதிகாரமாக நிற்பது ஒற்றாடல். முன்னதில் கண்ணுக்கு அணி இரக்கம் என்று பேசிய வள்ளுவர், பின்னதில் ஒற்றரை அரசனின் கண் என்கிறார். இரண்டு கண்களையும் அடுத்தடுத்து வைத்தது கருதிச் செய்ததாகவே தோன்றுகிறது. மேலும், கடமை கெடாத வகையில் கண்ணோடுதல் வேண்டும் என்று கண்ணோட்டத்திற்கே அவர் ஒரு வரம்பு கட்டுகிறார். ஜாவருக்குக் கடமை தெரியும், கண்ணோடத் தெரியாது. ஆயருக்குக் கண்ணோடத் தெரியும். ஊரைக் காக்கும் பொறுப்பு அவரிடம் இல்லை. இரண்டையும் ஒருங்கே சுமக்கும் மனிதர் ஒருவரேனும் ஹ்யூகோவின் அத்துணைப் பெரிய உலகில் இல்லை. நாவலின் குறை என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டெனில் இதுவே. துறவியும் வேட்டைக்காரனும் நிரம்பிய கதையில் பொறுப்புள்ள எளிய அதிகாரிக்கு இடமில்லாமற் போயிற்று.

அப்படி ஒருவர் உலகில் இல்லாமலில்லை. நாவல் வெளிவருவதற்கு இருபத்தோராண்டுகளுக்கு முன், 1841இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்னும் காலணித் தொழிலாளர் நீதிமன்றத்தில் நின்ற குடிகாரர் ஒருவருக்குப் பிணை கொடுத்து அழைத்துச் சென்றார். மூன்று வாரங்கள் கழித்துக் குடியை விட்டவராக அவரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். நீதிபதி விதித்த தண்டம் ஒரே ஒரு சென்டும் வழக்குச் செலவும். நன்னடத்தைக் கண்காணிப்பின் தொடக்கம் அதுவே. 1878இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அதனைச் சட்டமாக்கியது. அந்தக் காலணித் தொழிலாளரிடம் கண்காணிப்பும் இருந்தது, கண்ணோட்டமும் இருந்தது.

அவர் தொடங்கி வைத்த முறை அவர் நாட்டிலேயே பின்னர் எங்ஙனம் வளர்ந்தது என்பதை அந்நாட்டு உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் காட்டுகின்றன. தீர்ப்பும் ஓர் உரைநடை இலக்கியமே. அதனையும் நாவலைப் போல வரிக்கு வரி படிக்கலாம். 1791இல் சேர்க்கப்பெற்ற நான்காம் திருத்தம், நியாயமற்ற சோதனையிலிருந்து அந்நாட்டு மக்களின் வீட்டையும் உடைமையையும் காக்கிறது. கண்காணிப்பில் இருப்பவரின் வீட்டுக்கும் அப்பாதுகாப்பு உண்டா என்னும் வினா, கிரிஃபின் எதிர் விஸ்கான்சின் என்னும் வழக்கில் 1987இல் எழுந்தது. வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடும் என்று காவல்துறையிடமிருந்து தகவல் வந்தது. கண்காணிப்பு அதிகாரிகள் நீதிபதியின் ஆணையின்றி வீட்டைச் சோதித்தனர். துப்பாக்கி கிடைத்தது. ஐவர் ஏற்க, நால்வர் மறுக்க, சோதனை செல்லும் என முடிவாயிற்று.

பெரும்பான்மையோர்க்காகத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்கலியா காட்டிய காரணங்களுள் ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. கண்காணிப்பு அதிகாரி காவலரைப் போன்றவர் அல்லர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவரின் நலனையும் மனத்திற்கொள்பவர் என்பது அது. கண்ணோட்டம் உடையவர் ஆதலின் அவர் கண் உள்ளே நுழையலாம் என்பதே இதன் சாரம். ஆயின் அந்தச் சோதனைக்கு அதிகாரிகளுடன் மூன்று காவலரும் சென்றிருந்தனர். மறுத்தவர்களுள் ஒருவரான நீதிபதி பிளாக்மன், ஐயத்தின் அளவில் தளர்வு காட்டலாம், ஆனால் ஒருவர் வீட்டுக்குள் நுழைய நீதிபதியின் ஆணை வேண்டும் என்றார். இரண்டையும் பிரித்துப் பார்த்த அவர் பார்வையே செம்மையானது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2001இல் வந்த நைட்ஸ் வழக்கில், கண்காணிப்பு அதிகாரி காட்சியிலேயே இல்லை. போதைப்பொருள் குற்றத்திற்காகக் கண்காணிப்பில் இருந்தவரின் வீட்டை, வேறொரு குற்றத்தைத் துப்புத் துலக்கிய காவல் அதிகாரி நேரே சென்று சோதித்தார். எந்நேரமும் சோதனைக்கு உடன்படுவதாக அவர் முன்னரே கையெழுத்திட்டிருந்தார். நியாயமான ஐயம் இருந்தமையால் சோதனை செல்லும் என்று நீதிமன்றம் ஒருமுகமாகக் கூறியது. 2006இல் சாம்சன் வழக்கில் அந்த ஐயமும் தேவையில்லை என்றாயிற்று. அது சிறையிலிருந்து முன்கூட்டி விடுவிக்கப்பட்டவரைப் பற்றியது என்பதையும் அறுவர் ஏற்க மூவர் மறுத்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் தீர்ப்பில் வாசலைத் திறந்துவிட்டது அதிகாரியின் கண்ணோட்டம். திறந்த வாசல் வழியே பின்னர் நுழைந்தவரிடம் அதனை எவரும் கேட்கவில்லை. கையெழுத்தைச் சான்றாகக் காட்டுவோரும் உளர். சிறையா, கையெழுத்தா என்று நீட்டப்படும் தாளில் இடும் கையெழுத்து எத்தகைய உடன்பாடு?

வால்ஜீனின் நிலைக்கும் இவர்கள் நிலைக்கும் வேற்றுமை உண்டு. அவன் தண்டனையை முடித்தவன். இவர்கள் தண்டனைக் காலத்திற்குள் இருப்பவர்கள். சிறைக்கு மாற்றாகக் கிடைத்த விடுதலையில் சில கட்டுப்பாடுகள் இருத்தல் முறையே. ஆயினும் வீடு ஒருவருடையது மட்டும் அன்று. ஜாவரின் நிழல் விழுந்தவுடன் வால்ஜீன் இருட்டில் கோசெத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பாரிஸ் தெருக்களில் ஓடுகிறான். அச்சிறுமி எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. கண்காணிப்பில் இருக்கும் ஒருவரின் அலமாரியைத் திறக்கும்போது அவர் தாயின் புடைவையும் தங்கையின் குறிப்பேடும் சேர்ந்தே கலைகின்றன.

இக்காலத்தில் கலைவது அலமாரி மட்டுமன்று. 2019இல் கலிபோர்னிய உச்சநீதிமன்றம் விசாரித்த வழக்கொன்றில், வீடு புகுந்து திருடிய சிறுவன் ஒருவன் தன் மின்னணுக் கருவிகள் அனைத்தையும் சோதனைக்குத் திறந்துவிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. அவன் செய்த குற்றத்திற்கும் கைப்பேசிக்கும் தொடர்பு இருந்ததாகச் சான்றில்லை. இளைஞர் கஞ்சாப் புகைத்தால் அதை இணையத்தில் பெருமையடித்துக் கொள்வர் என்பதே விதித்த நீதிபதி கண்ட காரணம். அந்நிபந்தனை அளவுக்கு மிஞ்சியது என்று மேல்நீதிமன்றம் நீக்கியது. மாணவரோடு பழகும் ஆசிரியர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய தீர்ப்பு அது. பையைச் சோதிப்பது வேறு, ஒரு பிள்ளை தன் நண்பனுக்கு எழுதிய ஒவ்வொரு சொல்லையும் படிப்பது வேறு.

நாவலிலும் ஒரு சோதனைக் காட்சி உண்டு. சிறையிலிருந்து தப்பிய வால்ஜீன் தன் அறைக்கு வருகிறான். ஜாவர் தேடி வருகிறார். அறையில் மண்டியிட்டு வழிபடுகிறார் வாழ்நாளில் பொய்யே சொல்லாத அருட்சகோதரி சிம்ப்லீஸ். கதவின் மறைவில் மூலையில் வால்ஜீன். சகோதரி தனியாகவா இருக்கிறார் என்று கேட்கிறார் ஜாவர், ஆம் என்கிறார். அவனைக் கண்டதுண்டா என்கிறார், இல்லை என்கிறார். ஜாவர் வணங்கிச் செல்கிறார். மேசைமேல் அப்போதுதான் அணைக்கப்பட்ட மெழுகுவத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்ததை அவர் காணவில்லை என்கிறார் ஹ்யூகோ. எல்லாவற்றையும் துருவிப் பார்க்கும் கண், மதிப்புக்குரிய ஒருவர் முன் தானே தாழ்ந்தது. அந்த மதிப்பு வால்ஜீனுக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை என்பதே இக்காட்சியின் உள்ளுறை.

ஜாவரின் முடிவைப் பற்றி எழுதுவோர் அவர் சேன் ஆற்றில் விழுந்ததை மட்டும் எழுதுவர். விழுவதற்குமுன் அவர் காவல் நிலையத்தில் அமர்ந்து, பணி சிறக்க வேண்டித் தம் மேலதிகாரிக்குச் சில குறிப்புகள் எழுதுகிறார். நெசவுக்கூடத்தில் ஒரு நூல் அறுந்தால் கைதியின் கூலியில் பத்துச் சூ பிடிக்கிறார்கள் என்பது அவற்றுள் ஒன்று. மற்றொன்று சோதனையைப் பற்றியது. விசாரணையிலிருந்து திரும்பும் கைதிகளைச் சோதிக்கும்போது காலணிகளைக் கழற்றச் செய்து வெறுங்காலோடு கல்தரையில் நிறுத்துகிறார்கள். பலர் இருமலோடு சிறைக்குத் திரும்புகிறார்கள். அதனால் மருத்துவமனைச் செலவு கூடுகிறது. அக்குறிப்பில் இரக்கம் என்னும் சொல் இல்லை. செலவுக் கணக்குத்தான் இருக்கிறது. ஆயினும் கைதியின் காலை ஜாவர் கண்டது அன்றுதான்.