இரவல் குரல்

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பராந்தக சோழன் காலத்தில் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து தேர்தல் நடத்தினார்களே, அந்தக் கல்வெட்டுத்தான். எனக்கோ, உத்திரமேரூர் என்றதும் முதலில் ஞாபகம் வருவது அத்தை வீட்டுத் திண்ணையில் இருந்த கிராமபோன் பெட்டி.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். முதல் நாள் இரவு டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, "ஸ்ரீவள்ளி" பார்த்திருந்தேன். 1945-இல் வந்த படம்; எங்கள் கொட்டகைக்குப் பல வருஷங்கள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் நான் குமாரி ருக்மணியின் பாட்டைப் பற்றிப் பிரமாதமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

"போடா பைத்தியக்காரா! முகந்தான் அவளோடது. பாடுறது பண்ருட்டி பெரியநாயகி" என்றாள் அத்தை.

நான் நம்பவில்லை. அத்தை பேசாமல் எழுந்துபோய், "ஞானசௌந்தரி" படத்தின் இசைத்தட்டை எடுத்துவந்து, சாவி கொடுத்து, முள்ளை வைத்தாள். "கண்ணை மூடிக்கிட்டுக் கேளு" என்றாள்.

கேட்டேன். அதே குரல்! யாரோ என்னை ஏமாற்றிவிட்டதாகக் கோபம் வந்தது. வெகு காலம் அந்தக் கோபத்தைப் பாவம், பெரியநாயகியின் மேலேயே வைத்திருந்தேன்.

அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் பாடத் தெரிந்தவர்களே நடித்தார்கள். கே. பி. சுந்தராம்பாளுக்கு இரவல் தேவைப்படவில்லை. 1945-லேயே வெளிவந்த "மீரா"வில் எம். எஸ். சுப்புலட்சுமியின் முகமும் குரலும் ஒருவருடையவைதாம். "ஸ்ரீவள்ளி"யிலும் ருக்மணி தாமே பாடித்தான் நடித்தார். ஆனால் எதிரே நின்று பாடியவர் டி. ஆர். மகாலிங்கம். அந்த வெண்கல நாதத்துக்கு முன்னால் வள்ளியின் பாட்டு எடுபடவில்லை என்று ஏவி. மெய்யப்பனுக்குத் தோன்றிவிட்டது. எடுத்து முடித்த படத்தில் ருக்மணியின் பாட்டை நீக்கிவிட்டுப் பெரியநாயகியைப் பாடவைத்துச் சேர்த்தார்.

இதிலுள்ள சிரமத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பின்னணிப் பாட்டு என்றால் முதலில் பாடகி பாடிவிடுவாள். நடிகை அதற்குத் தகுந்தபடி வாயசைப்பாள். இங்கே எல்லாம் தலைகீழ். உதடுகள் ஏற்கெனவே அசைந்து முடிந்துவிட்டன. இழுக்க வேண்டிய இடம், நிறுத்த வேண்டிய இடம், மூச்சுவிட வேண்டிய இடம் எல்லாம் இன்னொருத்தி தீர்மானித்தவை. கச்சேரிப் பழக்கமுள்ள ஒரு பாடகிக்கு இது கைகளைக் கட்டிவிட்டுக் கோலம் போடச் சொல்வது போல. அப்படியும் அந்தப் பாட்டுக்களில் திணறல் கிடையாது. சொற்கள் உடையாமல் விழுகின்றன. மேல் ஸ்தாயியில் குரல் மெலியவில்லை. மகாலிங்கத்துக்குச் சளைக்காமல் நிற்கிறது.

ஆனால், அவருடைய ஆரம்பகாலப் பாட்டுக்களில் ஒன்றை மட்டும் கேட்கலாம் என்றால் நான் 1948-இல் வந்த "ஞானசௌந்தரி"யைத்தான் சொல்வேன். "மீரா"வுக்கு இசையமைத்த எஸ். வி. வெங்கட்ராமன்தான் இதற்கும் இசை. ஒரு சிறுமி தேவமாதாவின் முன் நின்று பிரார்த்திக்கிறாள். பாட்டு முடிவதற்குள் வளர்ந்து குமரியாகிவிடுகிறாள். சிறுமிக்கு ஜிக்கி, குமரியான எம். வி. ராஜம்மாவுக்குப் பெரியநாயகி. குரல் மாறுகிற அந்த இடத்தைக் கவனியுங்கள். பெரியநாயகி தம்முடைய வித்வத்தைக் காட்டிக்கொண்டு உள்ளே நுழைவதில்லை. குழந்தை விட்ட இடத்திலிருந்து, அதே பக்தியோடு, கொஞ்சம் கனத்தை மட்டும் சேர்த்துக்கொண்டு தொடர்கிறார். காமிரா காட்டாவிட்டாலும் வருஷங்கள் ஓடிவிட்டன என்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. அவருக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. காதலானாலும் துக்கமானாலும் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்றே பாடுவார். மைக்கின் பக்கத்தில் வந்து ரகசியம் சொல்கிற மெல்லிய குரல்களுக்கு 1949-க்குப் பிறகு தேசம் முழுவதும் மோகம் பிறந்தது. வடக்கே லதா மங்கேஷ்கர். இங்கே சில வருஷங்களில் பி. சுசீலா. அந்த இனிமையை நான் குறை சொல்லவில்லை. அதில் மயங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒன்று பிடித்துவிட்டது என்பதற்காக மற்றொன்றை மறந்துவிட வேண்டுமா? அந்தப் பிரார்த்தனைப் பாட்டைச் சொன்னால் ஜிக்கியை நினைவு கூர்கிறவர்களில் எத்தனை பேர் அடுத்த பெயரையும் சொல்கிறார்கள்?

சமீபத்தில் உத்திரமேரூர் போயிருந்தேன். அத்தை இல்லை; பெட்டியும் இல்லை. அத்தை பேரனுடைய கைபேசியில் "ஞானசௌந்தரி" பாட்டை வைக்கச் சொன்னேன். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த அவன் மகள் நின்று கேட்டாள்.

"யாரு தாத்தா பாடுறது?" என்றாள்.

திரையில் ராஜம்மா தெரிந்தார். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பெரியநாயகி" என்றேன்.