சாப்பாட்டு மேசையில் ஒரு தொழிற்கூடம்

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்து அடுக்குமாடி வீடொன்றில், பட்டமோ பயிற்சிச் சான்றிதழோ இல்லாத ஒருவர், திருப்புளிகளையும் மல்டிமீட்டரையும் சாப்பாட்டு மேசையின்மீது பரப்பிக்கொண்டு, அயலாரின் கணினிகளைச் செப்பனிட்டு ஜீவனம் நடத்தத் துணிவது தகுமா என்று கேட்டால், தகும் என்றோ தகாது என்றோ ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. சான்றிதழ் இன்மையையே பெருங்குறையாகப் பேசுவோர் குறையைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுக் கணினிகளுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை சாஸ்திர ஞானத்தைக் காட்டிலும் பொறுமையையே வேண்டுகின்றன. தூசு அடைத்துச் சுழல மறுக்கும் விசிறி, உலர்ந்துபோன வெப்பப் பசை, இடம் பெயர்ந்த நினைவகத் தகடு, ஆமை வேகத்தில் ஓடும் பழைய ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைச் சீர்செய்ய நிதானமான கையும் இடைவிடாத அப்பியாசமும் போதும். மேலும், ரோச்சோரிலுள்ள சிம் லிம் சதுக்கம்வரை கணினியைச் சுமந்து சென்று, விளங்காத கலைச்சொற்களுக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பவேண்டிய ஒரு மூதாட்டிக்கு, மேல்மாடியிலேயே தமிழில் பேசிப் பழுதை விளக்கும் ஒருவர் இருப்பது சிறிய உபகாரமன்று. 2020 ஏப்ரலில் பள்ளிகள் வீட்டிலிருந்தே கற்பிக்கத் தொடங்கியபோது, கணினியில்லாத குடும்பங்களுக்காக ‘என்ஜினியரிங் குட்’ அமைப்பின் தொண்டூழியர்கள் நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினிகளை ஆயிரக்கணக்கில் புதுப்பித்துக் கொடுத்ததை நினைத்துப் பார்த்தால், சாதாரண மனிதரின் கைத்திறனை நாம் எவ்வளவு குறைத்து மதிப்பிட்டிருந்தோம் என்பது விளங்கும்.

இத்தொழிலில் இறங்குவோர் விரும்பி எடுத்துக்காட்டும் பெயர் சிம் வோங் ஹூ. 1981இல் சைனாடவுனின் பெர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடையாகத் தொடங்கிய அவருடைய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றது. 1992இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையிலும் இடம்பெற்றது. ஆனால் இக்கதையைப் பயிற்சியின்றி வென்ற கதையாகச் சொல்வது நியாயமன்று. அவர் நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் பயின்றவர். கடை சிறியதாக இருந்ததேயன்றி, அதன் பின்னிருந்த கல்வி சிறியதன்று.

உண்மையான குறை தனிமையே. கடையில் வேலை பழகும் இளைஞன் தன் பிழைகளை மூத்தவர் கண்முன்னே செய்கிறான். அவர் அதட்டித் திருத்துகிறார். வீட்டில் ஒற்றையாளாகத் தொழில் புரிபவரோ, தம்மிடம் திரும்பிவரும் கணினிகளிலிருந்து மட்டுமே பாடம் கற்கிறார். அவர் பழுதை அரைகுறையாக நீக்கி அனுப்பிய இயந்திரம் அடுத்த மாதம் வேறொருவரிடம் போய்விடுகிறது. தாம் தோற்றது அவருக்குத் தெரியாமலே போகிறது. தெரியாத தோல்வியின்மீது தன்னம்பிக்கை மேலும் மேலும் ஏறிக்கொள்கிறது. தோ பாயோவிலேயே தலைமையகம் கொண்டுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், வீட்டுச் சிறுதொழில் நடத்துவோர் வெளியாரை வேலைக்கு அமர்த்தலாகாது, விளம்பரப் பலகை வைக்கலாகாது, அண்டை வீட்டாருக்கு இடையூறு விளைக்கலாகாது என்று விதித்திருப்பது குடியிருப்பின் அமைதிக்கு மிகவும் அவசியமானதே. எனினும் அவ்விதிகளுள் முதலாவது இத்தனிமையை இன்னும் கெட்டிப்படுத்துகிறது.

தனிமையின் அபாயம் உடலையும் சுடும். மின் இணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்வழங்கிப் பெட்டியின் கப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். உப்பிப்போன லித்தியம் பேட்டரியைத் திருப்புளியால் நெம்பினால் தீப்பற்றக்கூடும். ஆயினும் இவற்றினும் கொடிது அந்தரங்கத்துக்கு நேரும் கேடு. ஹாங்காங் நடிகர் எடிசன் சென் பழுதுபார்க்கக் கொடுத்த கணினியிலிருந்து களவாடப்பட்ட படங்கள் 2008இல் ஊரெங்கும் பரவியபோது, நடிகைகள் பலருடைய வாழ்வு சிதைந்தது. அந்தக் களவு நடந்தது வீட்டு மேசையிலன்று, முறையான கடை ஒன்றில்; ஆகவே சான்றிதழும் பெயர்ப் பலகையும் நேர்மைக்கு உத்தரவாதமல்ல என்பதற்கும் அதுவே சாட்சி. ஆனால் நேர்மையுள்ளவரும் கவனக்குறைவால் கேடு செய்யலாம்: பிரதி எடுத்துவைக்காமல் வட்டை அழித்துவிட்டால், பத்தாண்டுக் குடும்பப் படங்களை எந்தச் சமாதானமும் மீட்டுத் தராது.

ஆதலால் இத்தொழிலைத் தொடங்க விரும்புவோரை நான் தடுக்கமாட்டேன்; தனியே தொடங்காதீர்கள் என்றே வற்புறுத்துவேன். 2014இல் தோன்றிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ போன்ற தொண்டூழிய முயற்சிகளில் சேர்ந்து, கற்றவர் அருகமர்ந்து பிறர் பொருளைப் பழுதுபார்க்கும் பழக்கம் பெறலாம். 25 வயது நிறைந்த குடிமக்களுக்கு 2016இல் வழங்கப்பட்ட 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை கையிலிருந்தால், மின் பாதுகாப்பைக் கற்பிக்கும் ஒரு வகுப்புக்கு அதைச் செலவிடலாம். வேலையை ஏற்கும்போதே, எந்தக் கோப்புகளைத் திறப்போம், எவற்றைத் தொடமாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம்.

இவ்வேளையில் இத்தொழில் புரிவோரின் பொறுப்பு மேலும் முக்கியமாகிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது; டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகள் அடுத்த பதிப்பை முறைப்படி ஏற்பதில்லை. சிங்கப்பூர் ஏற்கனவே ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவை உண்டாக்குகிறது. இன்னும் உழைக்கக்கூடிய இயந்திரத்தைக் குப்பைக்கு அனுப்பாமல் லினக்ஸ் என்னும் மாற்று இயங்குதளத்தை நிறுவித் தரலாமா, வங்கிக் கணக்கைப் பார்க்கும் முதியவருக்கு அது ஒத்துவருமா, அல்லது புதிது வாங்குங்கள் என்று சொல்லித் தம் வருமானத்தை இழப்பதுதான் முறையா என்பதை, வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டியவர் அந்தச் சாப்பாட்டு மேசைக்காரர்தாம்.