இரவல் விளக்கும் சொந்த ஓட்டமும்

மெக்லாரன் எஃப்1 காரின் பின்விளக்குகள் போவா என்ற டச்சு நிறுவனத்தின் பேருந்திலும் உண்டு. 2021இல் அமெரிக்க ஏலம் ஒன்றில் ஓர் எஃப்1 2 கோடி டாலருக்கு மேல் போனது. கட்டியதே 106 கார்கள்தான். 1995 லெ மான் பந்தய வெற்றி வேறு. விலைக்கு இவைதான் முதல் காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேருந்து விளக்கு அந்த விலைக்குக் குறுக்கே நிற்கவில்லை.

ஆகவே இரவல் பாகம் இருந்தாலே உயர்ரகக் காரின் மதிப்பு இறங்கிவிடும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அப்படிச் சொல்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பது வேறு விஷயம். 1982 மாடலாக வந்த காடிலாக் சிமரோனைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே அடித்தளத்தை அமெரிக்காவில் ஐந்து பிராண்டுகளுக்குப் பங்கிட்டது. சிமரோன், செவர்லே கவாலியரின் உடன்பிறப்பு. தோல் இருக்கை போட்டு, முகப்பை மாற்றி, 88 குதிரைத்திறன் தரும் 1.8 லிட்டர் என்ஜினோடு சுமார் 12,000 டாலர் கேட்டார்கள். காடிலாக் என்ற பெயரை நம்பிப் பணம் சேர்த்தவருக்கு அது துரோகம். 1988இல் நிறுத்தினார்கள். கறை மட்டும் நின்றுவிட்டது.

கண்ணில் படாத இடத்தில் பகிரலாம், கைபடும் இடத்தில் கூடாது என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். சோதித்தால் அது நிற்கவில்லை. எஃப்1 விளக்கு பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. 2011இல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் சிக்னெட்டிலோ கைபடும் இடமெல்லாம் புதுத் தோல். அதற்கடியில் டொயோட்டா ஐக்யூ, அதே 1.3 லிட்டர் என்ஜின். ஆஸ்டன் என்றால் எந்த ஓட்டத்துக்காக வாங்குவார்களோ அது அதில் இல்லை. 2013இல் கதை முடிந்தது.

நான் கேட்பது ஒரே கேள்வி. ஒரு காரின் பெயர் எதற்காகக் கூடுதல் காசு வாங்குகிறதோ, அந்த வேலையை இரவல் பாகம் செய்கிறதா? செய்தால், அதைத் தன் காருக்கென்று இழைத்துத் திருத்தியிருக்க வேண்டும். ஏர்பேக் மாதிரி விஷயங்களில் இரவலே மேல். லட்சக்கணக்கான கார்களில் அடிபட்டுத் தேறியவை அவை.

கடினமான வழக்கு ஆஸ்டன் டிபி11. 2017இல் அதில் மெர்சிடிஸ்-ஏஎம்ஜியின் 4 லிட்டர் வி8 வந்தது. என்ஜினே இரவல்! ஆனால் என்ஜின் தாங்கிகளையும் எக்ஸாஸ்ட்டையும் கட்டுப்பாட்டு மென்பொருளையும் ஆஸ்டன் பொறியாளர்கள் தாங்களே மாற்றினார்கள். ஆஸ்டனின் சொந்த வி12 பொருத்திய டிபி11ஐவிட இது 115 கிலோ குறைவு; மூக்கு இலேசானதால் வளைவில் சொன்ன பேச்சு கேட்கிறது. மதிப்பு குறைந்த இடம் டாஷ்போர்டின் நடுவில் இருக்கிறது. அங்கே உள்ள திரையும் குமிழும் மெர்சிடிஸின் பழைய தலைமுறை. 2018இல் மெர்சிடிஸ் தன் சிறிய ஏ-கிளாஸுக்கே புதுத் திரையைக் கொடுத்துவிட்டது. டிபி11 நெடுந்தூரச் சொகுசுப் பயணத்துக்கென விற்ற கார். உள்ளறையும் அதன் வாக்குறுதியில் சேர்த்தி. தைத்த தோலைத் தடவிக்கொண்டே போகும் விரல் அந்தக் குமிழில் வந்து தட்டி நிற்கிறது. நான் பேரம் பேசினால் என்ஜினுக்காக ஒரு ரூபாயும் குறைத்துக் கேட்கமாட்டேன். குமிழுக்காகக் கேட்பேன்.