வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் பங்கு

மட்டக்களப்பில் செங்கலடிச் சந்தியால் வாழைச்சேனைப் பக்கம் சிறிது தூரம் போனால் வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகத்தால் அறியப்படும் அந்த ஊர் எனக்குச் செல்லையா அண்ணாவியாரின் ஊர். 1962இல் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது ஆடவும் பாடவும் பழக்கியவர் அவர். பிறகு 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை'. நாடக வரலாறோ பெரும்பாலும் வித்தியானந்தனைப் போற்றிவிட்டு அண்ணாவியாரை ஒரு வரியில் கடந்துவிடுகிறது.

கூத்தாடும் களரி நடுவே மத்தளத்தை இடுப்பில் கட்டி நிற்கும் ஆசான்தான் அண்ணாவியார். தாளக்கட்டை வாயால் சொல்லுவார். கை அதையே தோலில் சொல்லும். வட்டமாய் வரும் கூத்தரின் கால் அதற்கு இறங்கும். தருவை, அதாவது கூத்துப் பாட்டை, எடுத்துக் கொடுப்பதும் அவரே. ஆடுபவன் மூச்சு வாங்கும் இடத்தில் பிற்பாட்டுக்காரர் அந்த அடியைத் தாங்கிக்கொள்வார்கள். கொப்பியில் இருப்பது சொல் மட்டும். மெட்டும் அதன் நீட்டலும் குறுக்கலும் அண்ணாவியாரின் தொண்டையில்தான்.

பேராதனை முயற்சியில் இழப்பும் உண்டு. ஊர்க் களரியில் கட்டியகாரன் வரவை அறிவித்து, அரசன் வரவுத்தாளத்துக்கு ஆடி ஆடி நிலைகொள்ளும் வரை ஊர் பொறுத்திருந்து பார்க்கும். அப்படி விடியவிடிய ஆடிய கூத்து பேராதனை மேடைக்காகச் சுருங்கியது. நாலாபுறமும் சனம் இருந்த களரி ஒருபக்க அரங்கானது. கூத்தை அதன் சமூகத்துக்குள்ளேயே வைத்து மீளுருவாக்க வேண்டுமென்று சீலாமுனையில் சி. ஜெயசங்கர் செயலில் இறங்கியது இந்த இழப்பை உணர்ந்துதான். அந்த விமர்சனம் சரியென்றே நினைக்கிறேன். சுருக்கியது தயாரிப்பாளரின் முடிவு. என்றாலும் அண்ணாவியாரும் அதற்கு இசைந்தவர், அவரை முழுக்க விலக்கிவிட முடியாது.

ஆனால் சுருங்கிய பின்னும் அந்தக் கூத்துகள் வெறும் காட்சியாகிவிடவில்லை. அதற்குக் காரணம் அவர் விட்டுக்கொடுக்காத தாளமும் தருவும். பேராதனைத் தயாரிப்பில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் 'இராவணேசனை'ப் புதிதாகத் தயாரித்தார். ஒளியமைப்பும் உடையும் மாறலாம். ஆட்டத்தையும் தருவையும் எடுத்துவிட்டால் 'இராவணேசன்' இல்லை. 1956இல் மேடையேறிய 'மனமே' என்ற சிங்கள நாடகத்துக்காக அதன் ஆசிரியர் சரச்சந்திர மரபு ஆசானான சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயை நாடியதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே என் தீர்ப்பு: மரபை நகரத்துக்குக் கொண்டுபோன துணிவு வித்தியானந்தனுடையது. அங்கே கேட்ட கூத்தின் குரல் செல்லையா அண்ணாவியாருடையது. 'பழக்கியவர்' என்று அடியில் போடுவது போதாது. அந்த நான்கு ஆக்கங்களின் இணைப்படைப்பாளராகவே அவர் பெயர் அச்சாக வேண்டும்.