எக்காளம் வந்தது, யூதர் வரவில்லை

கோவில்பதாகையில் எங்கள் தெருவிலிருந்து இறையியல் படிக்க வெளிநாடு போன தம்பி ஒருவர் ஓராண்டு கழித்துத் திரும்பி வந்து, பெரிய வியாழன் இரவு சபையில் 'பஸ்கா விருந்து' நடத்தினார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நீள மேசை. தோளில் கோடு போட்ட ஜெபச் சால்வை, கையில் முறுக்கிய எக்காளக் கொம்பு. புளிப்பில்லா அப்பத்துக்குச் சப்பாத்தி, கசப்புக்குப் பாகற்காய், ஆட்டுக்குட்டிக்கு மட்டன் குழம்பு. மூன்று சப்பாத்திகளை அடுக்கி நடுவில் இருந்ததைப் பிட்டுக் காட்டினார். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. நடுவில் இருப்பவர் நமக்காகப் பிட்கப்பட்டார். யூதர்கள் இன்றைக்கும் இதைச் செய்கிறார்கள், அர்த்தம்தான் அவர்களுக்குத் தெரியவில்லை." சபை 'ஆமென்' என்றது. அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்த எனக்கு அன்று ஆமென் வாயில் வரவில்லை.

இந்தப் பழக்கம் இப்போது ஆவடி, அம்பத்தூர் பக்கத்துச் சபைகளில் பரவிக்கொண்டிருக்கிறது. வெளிநாடு போய்ப் படித்தவர்களும் எருசலேம் யாத்திரை போனவர்களும் கொண்டுவருகிறார்கள். இதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் சிறுவனாக இருந்தபோது பிரசங்கத்தில் 'பரிசேயன்' என்றால் வேஷக்காரன், 'யூதன்' என்றால் ஆண்டவரைக் கொன்றவன். கிறிஸ்துவின் மரணப் பழியை அன்றைய யூதர் எல்லோர்மீதும் இன்றைய யூதர்மீதும் சுமத்தக் கூடாது என்று வத்திக்கான் சங்கம் 1965-இலேயே அறிவித்தது; எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. இந்தப் பிள்ளைகள் வந்த பிறகுதான் யூதர் என்ற சொல்லில் கொஞ்சம் மரியாதை ஏறியது. யாத்திராகமக் கதையைக் குழந்தைகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்பதும் நல்லதுதான்.

நான் கேட்பது வேறு. மரியாதை யாருக்கு? சால்வைக்கும் கொம்புக்குமா, அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருக்கும் மனிதர்களுக்கா?

"இயேசு உண்ட அதே விருந்து" என்கிறார்கள். கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு, பலிபீடம் இல்லாமல் பஸ்காவை எப்படிக் கொண்டாடுவது என்று ரபிகள் தவித்துத் தேடி உண்டாக்கியதுதான் இன்றைய விருந்து முறை. ஐரோப்பிய மரபு யூதர்கள் அந்த இரவில் சுட்ட ஆட்டுக்கறியைத் தொடுவதே இல்லை. இடிந்த ஆலயத்தோடு நின்றுபோன பஸ்கா பலியின் நினைவாகத் தட்டில் ஓர் எலும்பு மட்டும் இருக்கும். மட்டன் குழம்பு பரிமாறிய நாம் அந்தத் துக்கத்தைக் கவனிக்கவே இல்லை.

தேதியும் தவறுகிறது. 2024-இல் பெரிய வியாழன் மார்ச் 28. யூதருடைய பஸ்கா தொடங்கியது ஏப்ரல் 22 மாலை. ஏறக்குறைய ஒரு மாத இடைவெளி. கொம்பை அவர்கள் ஊதுவது தங்கள் புத்தாண்டுக் காலத்தில், மனந்திரும்புதலுக்கு. புத்தாண்டு ஓய்வுநாளில் வந்துவிட்டால் மரபு வழி நடப்பவர்கள் அன்று ஊதவே மாட்டார்கள். நம்மிடம் ஒவ்வொரு ஞாயிறும், கீபோர்டு தொடங்குமுன், அது மைக்கில் அலறுகிறது.

தேதியையும் சமையலையும்கூட மன்னித்துவிடலாம். "அர்த்தம் அவர்களுக்குத் தெரியவில்லை" என்ற அந்த ஒரு வாக்கியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்களுக்குத் தெரியும். ஓய்வுநாளுக்கு முன்தினம் மன்னா இரண்டு பங்காக விழுந்ததன் நினைவாக இரண்டு அப்பம். அடிமை உண்ட வறுமையின் அப்பமாகப் பிட்பதற்கு மூன்றாவது ஒன்று. ஆசாரியர், லேவியர், மற்ற இஸ்ரவேலர் என்றும் சொல்வார்கள். ஒரு வீட்டுக்குப் போய் அவர்கள் மேசையில் உட்கார்ந்துவிட்டு, வெளியே வந்து, "பாவம், என்ன சாப்பிடுகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை" என்று சொல்வோமா? அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் வழிபாட்டுக் குழு 1988-லேயே, இந்த விருந்தைப் புதிய ஏற்பாட்டு வாசகங்களோடு முடித்துக் கிறிஸ்தவமாக்குவது தவறு என்று எழுதிவைத்தது.

அடுத்தவர் மேசையிலிருந்து எடுத்துக்கொள்ளும் இந்தக் கை நம் பக்கத்திலேயே முன்பும் நீண்டிருக்கிறது. கிளாடியஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1806-இல் தொடங்கிக் கொச்சி யூதர்களிடம் போய்வந்தார். எபிரேயச் சுவடிகளையும், சிவப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுத்தோலில் எழுதிய தோராச் சுருளையும் கொண்டுபோனார். இன்று அவை கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. அவர் நல்ல எண்ணத்தோடுதான் போனார். நல்ல எண்ணத்தோடு வாங்கிக்கொண்டு போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

"நம் வேர்களைத் தேடுகிறோம்" என்கிறார் சபை மூப்பர் ஒருவர். ஒட்டவைத்த கிளையே, வேருக்கு முன்னால் பெருமை பேசாதே என்று பவுல் ரோமர் 11-இல் எச்சரித்ததையும் அவரே எங்களுக்குப் படிப்பித்தார். வீட்டளவில் பஸ்கா கொண்டாட வேண்டுமென்றால் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களைப் பார்க்கலாம். பெரிய வியாழன் இரவு வீட்டுத் தலைவர் பெசஹா அப்பத்தை அறுத்துப் பாலோடு கொடுப்பார். அரிசி மாவும் தேங்காயும் அவர்கள் ஊருடையவை. யூத வேடம் எதுவும் அதில் இல்லை.

விருந்து முடிந்த மறுவாரம், ஏரிக்கரைப் பக்கம் டீ குடிக்கும்போது தம்பியைக் கேட்டேன், வெளிநாட்டில் உன்னைத் தொட்டது எது என்று. கொம்பைச் சொல்லவில்லை. ஒரு வாரநாள் காலை ஜெப ஆலயத்துக்குப் போயிருக்கிறார். தாயை இழந்த ஒருவர் கத்தீஷ் சொல்லக் காத்திருந்தார். துக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நின்று அரமேயத்தில் சொல்லும் ஜெபம் அது. சாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. யூதர் பத்துப் பேர் கூடினால்தான் சொல்ல முடியும். ஒன்பது பேர் இருந்தார்கள்.

"என்னைக் கணக்குல சேர்க்க மாட்டாங்கண்ணா. அது எனக்கு வருத்தமா இல்ல. இருபது நிமிஷம் எல்லாரும் சும்மா உக்காந்திருந்தோம். யாரோ போன் பண்ணாங்க. ஒருத்தர் கடையப் பாதி மூடிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தார். அப்புறம்தான் அம்மாவ இழந்தவர் எழுந்தார். கை நடுங்குச்சு. பக்கத்துல இருந்த பெரியவர் என் புத்தகத்துல பக்கம் திருப்பிக் காட்டினார்."

"இதைச் சபையில் ஏன் சொல்லவில்லை?"

"அதுல நமக்கு என்ன செய்தி இருக்குண்ணா?"

நான் சொன்னேன்: கத்தீஷின் முதல் வரிகளில் கடவுளின் நாமம் பரிசுத்தப்பட வேண்டும், அவர் ராஜ்யம் வர வேண்டும் என்று கேட்கிறார்கள். நம் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்லும் பரமண்டல ஜெபமும் அதே இரண்டையும் கேட்டுத்தான் தொடங்குகிறது. நீ அந்த அறையில் இருந்தபோது அது உன் காதிலேயே விழுந்திருக்கிறது.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அடுத்த பெரிய வியாழனுக்குக் கொம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வா, அந்தப் பத்தாவது ஆளைப் பற்றிப் பேசு என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார்.