மங்கலான திரையில் ஒரு மாவீரன்

ஹந்தானை மலைச்சாரலில், லயன் அறையொன்றில் மாணவர் நால்வருடன் அமர்ந்து 'சக்திமான்' தொடரின் சில பகுதிகளைக் கைத்தொலைபேசியிற் பார்த்தோம். 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகி, முகேஷ் கன்னாவை இந்தியச் சிறுவரின் தெய்வமாக்கிய இந்தித் தொடர் அது. டேட்டா தீர்ந்துவிடும் என்றஞ்சிய பிள்ளைகள் படத்தை 144 கோடுகளுக்கு இறக்கி வைத்திருந்தனர். அந்நாளைய இந்தியத் தொலைக்காட்சிப் படத்தில் 576 கோடுகள். நீளத்தில் நான்கிலொன்று, அகலத்தில் நான்கிலொன்று. ஆக, ஏறத்தாழப் பதினாறிலொரு பங்கு படமே எமக்குக் கிட்டியது.

எனினும் கதை எவருக்கும் விளங்காமற் போகவில்லை. பிள்ளைகளுக்கு இந்தியும் தெரியாது! செந்நிற உடை, மார்பிலே பொன்னிறச் சின்னம்; இவை போதும், நாயகன் வந்துவிட்டான். அவன் சுழன்று உருமாறுகையில் படமும் நின்று வட்டம் சுழன்றது. இரண்டில் எது வித்தையென்று பிள்ளைகள் சிரித்தனர்.

அழிந்தது வேறொன்று. சக்திமானின் மறுவடிவான பத்திரிகைப் புகைப்படக்காரன் கங்காதரன் துருத்திய பல்லும் மூக்குக் கண்ணாடியும் கொண்ட எளியவன். அந்தப் பல்லும் கண்ணாடியும் புள்ளிகளிற் கரைந்தன. காப்பாற்றப்படும் மக்களோ வெறும் சாம்பற் கறை. "சேர், அவர் காப்பாற்றினது ஆரை?" என்றாள் ஒரு மாணவி.

குற்றம் திரையினதா? மறுவாரம் கண்டி நகரில் அதே காட்சிகளைத் தெளிவாகப் பார்த்தோம். கூட்டத்துக்கு முகங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. அலறுவதும் அண்ணாந்து பார்ப்பதுமே அவர்கள் தொழில். மங்கலான படம் தொடருக்குத் தீங்கு செய்யவில்லை; அதன் எலும்புக்கூட்டைக் காட்டிவிட்டது. தீமையை ஒருவனே வெல்வானாயின், மற்றவர்க்கு முகம் எதற்கு? தன் மண்ணிலே பிறந்த நாயகனைச் சிறுவர்க்குத் தந்த பெருமை இத்தொடருக்கு உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. அதன் மக்களைப் பற்றியதே எமது வழக்கு.

இதே மலைநாட்டில், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில், 1940 சனவரியிலே தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். பறக்கத் தெரியாதவர், கூட்டத்தில் ஒருவர். நால்வரில் எவரும் அப்பெயரைக் கேட்டிருக்கவில்லை. அவர்களுடைய பாட்டன்மாரும் கொழுந்து கொய்த மலைகள்தாம் இவை. அன்று மாலை தொலைபேசியை அணைத்துவிட்டு முல்லோயாவின் கதையைச் சொன்னோம். பாதியிலே அந்த மாணவி குறுக்கிட்டாள்: "அவரோட நின்ட மற்ற ஆக்கள்ட பேரும் சொல்லுங்க, சேர்."