எட்டுக்காலை எண்ணியது யார்?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். அடுப்படிச் சுவர் மூலையில் ஒரு எட்டுக்கால் பூச்சி. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் திருத்தினாள்: "அது பூச்சி இல்ல ஆச்சி. பூச்சின்னா ஆறு கால்தான் இருக்கணும்." அம்மா விளக்குமாற்றைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "ஏட்டி, அது பேரே எட்டுக்கால் பூச்சிதான? எண்ணாமலா பேரு வச்சிருப்பாவ?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா சொன்னதில் இருந்த நியாயம் மெதுவாகத்தான் உறைத்தது. பெயர் வைத்தவனுக்குக் கால் கணக்கு தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அதைப் பூச்சி என்றிருக்கிறான்.

"சிலந்தி பூச்சியல்ல" என்ற வாக்கியத்தைப் பாடநூல்களிலும் அறிவியல் கட்டுரைகளிலும் எத்தனையோ முறை படித்துவிட்டோம். தகவல் சரி. எனக்கு உறுத்துவது அதன் தொனி. 'இன்செக்ட்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேவைப்பட்டபோது, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 'பூச்சி'யை எடுத்து, அதைச் சுருக்கி ஆறு காலுக்குள் அடைத்தோம். தப்பில்லை, கலைச்சொல் அப்படித்தான் பிறக்கும். ஆனால் கடன் வாங்கிய கையோடு, கொடுத்தவரைப் பார்த்து "உங்களுக்கு உங்கள் சொல்லே தெரியவில்லை" என்பது என்ன நாகரிகம்?

ஊர்ப்பேச்சின் பூச்சிக்கு எல்லை பெரிது. குழந்தையின் வயிற்றில் இருப்பதும் பூச்சி. அதற்குத் தருவது பூச்சி மாத்திரை. மண்புழுவுக்கு நாக்குப்பூச்சி என்றொரு பெயர் உண்டு. மழை விட்டதும் சிவப்பு வெல்வெட் துணுக்காக ஊரும் பட்டுப்பூச்சிக்கு எட்டுக் கால். இதில் குழப்பம் எதுவும் இல்லை. சின்னது, உயிருள்ளது, ஊரும் அல்லது பறக்கும், அவ்வளவுதான் அந்தச் சொல்லின் நிபந்தனை.

ஆங்கிலத்திலும் இதே சண்டை உண்டு. என் பிழைப்பே 'பக்' பிடிப்பதுதான். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்ட் மார்க் 2 கணினியின் ரிலேயில் சிக்கிய அந்துப்பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டி வைத்த கதை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். (இயந்திரக் கோளாறை எடிசன் 1878லேயே அப்படி அழைத்துவிட்டார்.) பூச்சியியலாளரின் கறாரான கணக்கில் மூட்டைப்பூச்சி, அசுவினி வகையறா மட்டுமே பக், அந்துப்பூச்சி சேராது. அதற்காக யாரும் பதிவேட்டைத் திருத்தவில்லை. பூச்சியியலாளர்கள் வேறொரு வழி கண்டார்கள்: உண்மையான ஈ என்றால் 'ஹவுஸ் ஃப்ளை' என்று பிரித்து எழுது, ஈ அல்லாதது என்றால் 'பட்டர்ஃப்ளை' என்று சேர்த்து எழுது. ஒரே ஒரு இடைவெளியில் பஞ்சாயத்து முடிந்தது. பேச்சுமொழியை யாரும் தொடவில்லை. ஒரு நிரலாளனுக்கு இதைவிட அழகான தீர்வு கிடையாது.

அப்படியானால் கால் எண்ணுவதே வீண்வேலையா? அப்பாவிடம் கேட்டால் இல்லை என்பார். விளாத்திகுளம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி மிளகாய். ஒரு வருஷம் இலை சுருண்டது. "பூச்சி விழுந்திருக்கு" என்று கடையில் சொல்ல, பூச்சி மருந்து கொடுத்தார்கள். அடித்தபின் சுருட்டல் கூடியது. விழுந்திருந்தது சிலந்திப்பேன், சிலந்தியின் உறவு. பூச்சிக்கென்று செய்த பல மருந்துகளுக்கு அது அசையாது. சில மருந்துகள் அதைத் தின்னும் உயிர்களைக் கொன்றுவிட, அது இன்னும் பெருகும். பூச்சி என்ற ஒரே சொல்லுக்குள் இருந்த இரண்டு பொருள்களில் எங்கள் அந்த வருஷ மகசூலில் பாதி போனது.

ஆனால் அங்கேயும் பாடநூல் சூத்திரம் உதவாது. கண்ணுக்கே தெரியாத ஒன்றின் காலை எப்படி எண்ணுவது? எண்ணினாலும், முட்டையிலிருந்து வரும் சிலந்திப்பேன் குஞ்சுக்கு ஆறு கால்தான். அப்பா பார்ப்பது இலையை. விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். அது ஆறுகால் கூட்டம். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன், எட்டுக்கால் கூட்டம்.

மறுநாள் காலையில் மகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய், சுருண்ட இலை ஒன்றைப் பறித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இதுக்கு எத்தன காலு, சொல்லு பாப்போம்."

அவள் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லையே தாத்தா."